பாங்காக்: சாமிக்கு ஃபாண்டா, பேய்க்கு டிவி

வியாழன், இரவு

விடுதி வாசலில் ஒற்றைத் தூண் மேல் ஒரு குட்டிக் கோயில். முன்னால் விரலளவு நடனப் பெண்கள், யானைகள், ஒரு சாமந்தி மாலை. நடுவில் சிவப்பு ஃபாண்டா பாட்டில், மூடி திறந்து, ஸ்ட்ரா போட்டு.

அத்தை பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அதன் முன்னால் நின்றுவிட்டார். "ஸ்ட்ராவும் போட்டு வெச்சிருக்காங்க பாருடி. நாம மூடியைக்கூடத் திறக்க மாட்டோம்."

இங்கே கட்டடம் எழுப்புகிறவர்கள் அந்த மண்ணின் காவல் ஆவிக்குத் தனியாக ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் இடத்தை நாம் எடுத்துக்கொண்டோம், மாற்று இடம் தருவதுதானே முறை என்று கணக்கு. வங்கி, ஷாப்பிங் மால் வாசலில்கூட இருக்கிறது. சிவப்பு பானம் எதற்கு என்று கேட்டால், பழைய காலத்து ரத்தப் பலிக்குப் பதிலாக என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்ட்ராவுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. பாட்டில் என்றால் ஸ்ட்ரா, அவ்வளவுதான்.

அத்தை மதுரையில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாடு வருவது இதுதான் முதல்முறை. மாலையில் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. ஸ்கைட்ரெயின் ஏறி ராட்சப்பிரசோங் சந்திப்புக்குப் போனோம். தலைக்கு மேல் ரயில் பாலம், நாலு பக்கமும் மால்கள், ஹாரனே அடிக்காத டிராஃபிக். அந்த முனையில்தான் எரவான் சன்னிதி, நான்முகப் பிரம்மா. 1950களில் இங்கே எரவான் ஹோட்டல் கட்டும்போது விபத்துக்கு மேல் விபத்து, செலவும் கைமீறிப் போயிருக்கிறது. ஜோதிடர் சொல்லி 1956இல் பிரம்மாவை வைத்தார்கள். பிறகு வேலை ஒழுங்காக முடிந்ததாம். ஹோட்டலை இடித்து வேறு ஹோட்டல் கட்டியாயிற்று, பிரம்மா நகரவில்லை. 2015 ஆகஸ்டில் இங்கே குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள். இரண்டே நாளில் சன்னிதியைத் திறந்துவிட்டார்கள்.

வேண்டுதல் பலித்தவர்கள் நடனக் குழுவுக்குப் பணம் கட்டுகிறார்கள். எத்தனை பேர் ஆட வேண்டும் என்பதைப் பொறுத்துக் கட்டணம். கட்டியவர் பிரம்மாவைப் பார்த்து மண்டியிட, பின்னால் தங்கக் கிரீடம் வைத்த பெண்கள் பாடிக்கொண்டே ஆடுகிறார்கள். அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓர் இளைஞன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். வேலை உயர்வாக இருக்கும் என்றேன். கல்யாணம் என்றார் அத்தை.

"நம்ம ஊர்ல தேடினாத்தான் கோயில் கிடைக்கும் இவருக்கு. இங்க வந்து எப்படி இருக்காரு பாரு!"

கொஞ்சம் நடந்தால் சென்ட்ரல்வேர்ல்டு மால் வாசலில் திரிமூர்த்தி. காதல் கைகூட வேண்டுகிறவர்கள் வியாழன் இரவு ஒன்பதரை மணிக்கு வர வேண்டும், சாமி இறங்கி வரும் நேரம் அது. கையில் சிவப்பு ரோஜா. இன்று வியாழன் என்பதே எங்களுக்கு அங்கே போனபிறகுதான் உறைத்தது. நூறு பேராவது இருப்பார்கள். எல்லோரும் இருபதுகளில், தரையில் உட்கார்ந்து, போனில் ஸ்லோகத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டு. ஒரு பெண் எங்களிடமும் ஒரு ரோஜாவை நீட்டினாள். அத்தை எனக்காக வாங்கிக்கொண்டார். அந்தப் பேச்சை இங்கே விட்டுவிடுகிறேன்.

வெள்ளி

அத்தை எட்டரை மணி வரைக்கும் திருவெம்பாவை பாடவில்லை. மார்கழியில் ஒருநாளும் இப்படி நடந்ததில்லை, உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன். "ஊர்ல இப்பதான் ஏழு மணி. சாமிக்கு நம்ம ஊர் நேரம்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அப்புறம் ஆரம்பித்தார். தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால்.

இன்றைக்கு முழு மதிப்பெண் படகுக்குத்தான். நதியில் போகும் அழகான படகைச் சொல்லவில்லை. நகரின் முதுகுப் பக்கமாக ஓடும் சேன் சேப் கால்வாயில் அலுவலகம் போகிறவர்கள் ஏறும் படகு. மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், 1837இல் தோண்ட ஆரம்பித்து 1840இல் முடித்த கால்வாய். கம்போடியாவில் வியட்நாமியரோடு நடந்த போருக்குப் படைகளை அனுப்ப வெட்டியது. இப்போது டிராஃபிக்கிலிருந்து தப்பிக்க உதவுகிறது.

பிரதுநாமில் ஏறினோம். படகு நிற்பது சில நொடிதான். கயிற்றைத் தூணில் ஒரு சுற்று சுற்றுகிறார்கள், நீங்கள் குதித்துவிட வேண்டும். அத்தையை எப்படி ஏற்றுவது என்று யோசித்து முடிப்பதற்குள், ஹெல்மெட் போட்ட நடத்துநர் ஒரு கையால் அவரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். ஆமாம், ஹெல்மெட். பாலங்கள் அவ்வளவு தாழ்வு. நடத்துநர்கள் படகுக்கு உள்ளே நடப்பதில்லை, வெளி விளிம்பில் கயிற்றைப் பிடித்தபடி ஓடிக்கொண்டே பத்து இருபது பாட் வாங்கி டிக்கெட் கிழிக்கிறார்கள். தாழ்ந்த பாலம் வந்தால் கூரையே கீழே இறங்குகிறது, பயணிகளும் சேர்ந்து குனிகிறார்கள். எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்து நீலத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புத் தண்ணீர் மொத்தமும் முகத்தில். அந்தப் பொறுப்பு அத்தைக்கு வாய்த்தது. இரண்டாவது படகுக்கே தேறிவிட்டார், மூன்றாவதுக்கு எதிர் வரிசைக்காரருக்கு உத்தரவு போட ஆரம்பித்தார், தமிழில். அவரும் கேட்டுக்கொண்டார்.

தண்ணீர் நாற்றம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கரையில் துணி காயப்போடும் வீடுகள், தொட்டியில் மிளகாய்ச் செடி, பள்ளிவாசல், அதற்கு அடுத்து கண்ணாடி மாளிகை என்று பத்துப் பதினைந்து நிமிடத்தில் இந்த ஊரின் குறுக்குவெட்டைப் பார்த்துவிடலாம்.

கடைசி நிறுத்தம் பான் ஃபா. அங்கே பொன்மலைக் கோயிலுக்கு முந்நூற்றுச் சொச்சம் படிகள். ஏறினோம், மணி அடித்தோம், காற்று நன்றாக இருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது கீழே இருக்கும் பான் பாட் சந்து. பிக்குகளின் பிச்சைப் பாத்திரத்தைக் கையால் அடித்துச் செய்யும் சில குடும்பங்கள் மட்டும் மிச்சம். எட்டுத் துண்டு இரும்புத் தகட்டைச் சேர்த்துத்தான் ஒரு பாத்திரம். எண்வழி மார்க்கத்துக்கு எட்டு. சுத்தியல் சத்தம் சந்து முனையிலேயே கேட்டது. ஆலைத் தயாரிப்பு வந்து பிழைப்பைப் பாதி தின்றுவிட்டது. ஒன்றைத் தட்டிப் பார்த்தேன், மணியோசை வந்தது. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கொடுத்தேன்.

பம்ருங் மூவாங் சாலை பக்கத்தில்தான். இருபுறமும் புத்தர் கடைகள். ஆள் உயரம், இரண்டாள் உயரம் என்று பொன்னிறப் புத்தர்கள், தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போர்த்தி, நடைபாதையில் வரிசையாக. பக்கத்தில் மஞ்சள் வாளிகள் அடுக்கியிருந்தன. பிக்குகளுக்குத் தானம் தருவதற்கான வாளி, உள்ளே சோப்பு, பற்பசை, டீத்தூள், டார்ச் லைட். யோசிக்காமல் ஒரு வாளி வாங்கிக் கொடுத்துவிட்டால் புண்ணியம். அத்தை உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து, "உபயோகமான சாமானாத்தான் வெச்சிருக்கான்" என்று சான்றிதழ் தந்தார்.

வெள்ளிக்கிழமை என்பதால் சாயங்காலம் சீலோம் சாலை மாரியம்மன். 1879இல் வைத்திப் படையாட்சி முன்னின்று, இங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில். கோபுரம் நம்முடையது, வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள், சீன வம்சாவளியினர். தேங்காய், வாழைப்பழம், பூ வைத்த தட்டை எதிர்க்கடையில் வாங்கி, நெற்றியில் குங்குமத்தோடு திரும்புகிறார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது, அதனால் சொல்லில்தான் காட்ட முடியும்: தீபாராதனை வந்ததும் அத்தைக்கு முன்னால் நின்ற சீனப் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை என் முழங்கையை இடித்தார். நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலத்துக்காக இந்த சீலோம் சாலையையே மூடிவிடுவார்களாம். வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த சாலை!

சனி

பகலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரண்மனை, மரகத புத்தர், வாட் போவில் 46 மீட்டர் நீளப் படுத்த புத்தர். எல்லாம் பிரமாதம், எல்லா இடத்திலும் செல்ஃபி குச்சி. அரண்மனைக் கோயிலின் சுற்றுச்சுவரில் ராமாயணம், அதாவது இவர்களுடைய ராமகியன், 178 ஓவியங்களாக ஓடுகிறது. அத்தை அங்கேதான் ஒரு மணி நேரம் போக்கினார். அனுமன் வெள்ளை வெளேர் என்று இருக்கிறார், சேதுவைக் கட்டும்போது கல்லைத் திருடிப் போகும் மச்சகன்னியைத் துரத்துகிறார். அவள் ராவணனின் மகள், சுவண்ணமச்சா. துரத்தியவர் காதலித்து, மகனும் பிறந்துவிடுகிறான்.

"அனுமாருக்கா?"

"ஆமா அத்தை."

"பிரம்மச்சாரிக்கா?"

"இங்க அப்படி இல்ல அத்தை."

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "சரி, பிள்ளை எப்படி இருந்தான்?" குரங்கு உடம்பு, மீன் வால் என்றேன். திருப்தி.

இரவு சாப்பிட்ட பிறகு பாக் க்லோங் தலாட், பூ மார்க்கெட். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், நடு இரவுக்கு மேல்தான் சூடு பிடிக்கும். சனாம் சாய் மெட்ரோவில் இறங்கி நடந்தால் முதலில் குளிர்ச்சி முகத்தில் அடிக்கிறது, பூ மூட்டைகளுக்கு நடுவே உடைத்த பனிக்கட்டி. சாமந்தி மட்டுமே விற்கும் கடைகள், ஆர்க்கிட் கட்டுகள், தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்துப் புது வடிவம் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள். தள்ளுவண்டிக்காரர்கள் கத்திக்கொண்டே பின்னால் வருகிறார்கள், ஒதுங்காவிட்டால் நம் தப்பு.

மல்லிகைக் கடை முன்னால் அத்தை நின்றார். ஒரு மொட்டை எடுத்து முகர்ந்தார். "நம்ம மல்லி வாசம் வராது" என்று அறிவித்தார். மதுரைக்காரரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது.

இவர்கள் நம்மைப் போல நாரில் கட்டுவதில்லை. முழ நீள ஊசியில் மொட்டுகளை வட்டம் வட்டமாகக் குத்திக் கோத்து, ஒரே உருவலில் நூலுக்கு மாற்றுகிறார்கள். வெள்ளை வளையத்தில் ஊதா ஆர்க்கிட் கோடு, நுனியில் ரோஜாக் குஞ்சம். கையில் அடங்குகிற மாலை, வேலைப்பாடு நகைக்கடை ரகம். சாமிக்கும் ஆவி வீட்டுக்கும் போக, டாக்ஸிகளின் கண்ணாடியிலும் இதுதான் தொங்குகிறது. தலையில் மட்டும் யாரும் வைப்பதில்லை.

கடைக்கார அம்மாவுக்கு அத்தை வயதுதான் இருக்கும். அத்தை அவரிடம் நூலைக் கேட்டுக் கை நீட்டினார். முக்காலி ஒன்று வந்தது. உட்கார்ந்தார். நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டி, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுழற்சி, ஒரு முடிச்சு. ஊசி இல்லை. பார்த்துக்கொண்டே இருந்த அம்மா பக்கத்துக் கடையைக் கூப்பிட்டார். அவர் அடுத்த கடையைக் கூப்பிட்டார். நாலைந்து பேர் சுற்றி நின்று போனில் படம் எடுக்கிறார்கள், அத்தை கைகளைப் பார்க்காமலேயே கட்டிக்கொண்டு போகிறார். ஒரு முழம் ஆனதும் அறுத்து, எழுந்து, கடைக்கார அம்மாவின் கொண்டையில் வைத்துவிட்டார். அவர் ஒரு பெண்ணின் போனை வாங்கி அதில் தன் தலையைப் பார்த்துக்கொண்டு, சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது. காசு வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் ஊசி மாலை எப்படி என்று அத்தைக்குப் பாடம். அத்தை விரலில் மூன்று முறை குத்திக்கொண்டார்.

விடுதி திரும்ப இரண்டு மணி. கதவைத் திறந்தால் அறை முழுக்க மல்லி வாசம். "அப்படி ஒண்ணும் மோசமில்ல" என்றார்.

ஞாயிறு

லும்பினி பூங்கா காலையில். ஏரிக்கரையில் ஆள் நீளத்துக்கு நீர் உடும்புகள், நடைப்பயிற்சிக்காரர்களுக்கு வழி விடாமல் படுத்திருக்கின்றன. யாரும் அவற்றை மதிப்பதில்லை, அவையும் அப்படியே. எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்தது. ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சொல்லிவைத்த மாதிரி நின்றார்கள். உடும்பு ஒன்று மட்டும் சாலையைக் கடந்துபோனது. பாட்டு முடிந்ததும் மறுபடி ஓட்டம். இது தினம் எட்டுக்கும், மாலை ஆறுக்கும்.

பிறகு பேய் பார்க்கப் போனோம். ஒன் நட் பக்கம் வாட் மகாபுட் கோயில் வளாகத்தில் மே நாக்குக்கு ஒரு சன்னிதி. கணவன் போருக்குப் போயிருக்கும்போது பிரசவத்தில் குழந்தையோடு இறந்துபோனவள். திரும்பி வந்தவனோடு எதுவும் நடக்காதது போலக் குடும்பம் நடத்தினாள். ஒருநாள் வீட்டுத் தரை இடுக்கில் எலுமிச்சம்பழம் கீழே விழ, கையைத் தரை வரை நீட்டி எடுத்தாள், அவன் பார்த்துவிட்டான். கதை முழுக்க எனக்கு அவள் பக்கம்தான் நியாயம்.

சன்னிதியில் தங்கத் தகடு ஒட்டிய அவள் உருவம், சுற்றிலும் பட்டுப் பாவாடைகள், லிப்ஸ்டிக், பவுடர், குழந்தைக்குப் பொம்மைகள். எதிரே டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் பார்ப்பதற்கு. பட்டாளத்துக்கு ஆளெடுக்க இங்கே ஏப்ரலில் சீட்டுக் குலுக்குவார்கள். சிவப்புச் சீட்டு வந்தால் போயாக வேண்டும், கறுப்பு வந்தால் தப்பித்தான். கறுப்புச் சீட்டு வேண்டி இளைஞர்கள் இவளிடம் வருகிறார்கள். போர் அவளுக்குச் செய்ததை நினைத்தால் சரியான ஆளிடம்தான் மனு கொடுக்கிறார்கள். வெளியே ஒரு பழைய மரத்துண்டில் பவுடர் தேய்த்து லாட்டரி எண் தேடுகிறவர்கள் தனிக் கூட்டம்.

அத்தை கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடி வளையல் ஜோடியை எடுத்துத் தட்டில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "பிள்ளைத்தாச்சியாப் போனவ. வளைகாப்பு நடந்துச்சோ என்னவோ."

இரவு சாப்பாடு சீனர் பகுதியான யாவாரட்டில். நாளை திங்கள், தெருக்கடைகள் பல இருக்காது, அதனால் இன்றே. அத்தை சைவம், மார்கழியில் வெங்காயம் பூண்டும் கிடையாது, இந்த ஊரில் என்ன செய்வது என்று புறப்படும் முன்பு கவலைப்பட்டிருந்தேன். சீன பௌத்தர்களின் விரதச் சாப்பாடு காப்பாற்றிவிட்டது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து போட்ட 'ஜே' கடைகள். கறியும் மீன் சாஸும் மட்டுமில்லை, வெங்காயமும் பூண்டும்கூட இந்த விரதத்தில் விலக்கு. டோஃபு, காளான், நூடுல்ஸ், எல்லாம் அத்தைக்கு. நான் பக்கத்துக் கடையில் சிப்பி ஆம்லெட். கடைசியில் இருவருக்கும் கனோம் க்ரோக்: குழி குழியான கல்லில் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் ஊற்றிச் சுட்டது, குழிப் பணியாரத்தின் தங்கச்சி. அடியில் மொறுமொறு, நடுவில் இன்னும் தளதள. இரண்டு தட்டு.

திங்கள், விமான நிலையம்

காலையில் மிச்சமிருந்த நேரத்தில் ராட்சச ஊஞ்சலைப் பார்த்தோம். செக்கச் சிவந்த இரண்டு தேக்குத் தூண்கள், மேலே ஒரு வளைவு, நடுச்சாலையில். முதலாம் ராமா மன்னர் 1784இல் நிறுத்தியது, இப்போது நிற்கும் தேக்கு 2007இல் புதுப்பித்தது. மார்கழி, தை ஒட்டி சிவன் பூமிக்கு வருவார், அவருக்காக ஆடும் ஊஞ்சல் இது. ஆடுகிறவர்கள் உயரத்தில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டும். ஆபத்து அதிகம் என்று 1935இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

சடங்கு நிற்கவில்லை. அருகிலேயே தேவஸ்தான், அரசவைப் பிராமணர்களின் கோயில்: சிவன், பிள்ளையார், திருமால் என்று மூன்று சன்னிதிகள். விழாவுக்குப் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். முதலாவது சிவனுக்கு, இரண்டாவது திருமாலுக்கு. கிரந்த எழுத்தை ஒட்டிய எழுத்தில் எழுதிவைத்த ஏடுகளிலிருந்து நம் திருவெம்பாவைப் பாட்டுகள் அங்கே ஒலிக்கின்றன. பல நூறு வருட வாய்வழிப் பழக்கத்தில் உச்சரிப்பு மாறி, பொருள் தெரியாமலேயே, ஆனால் விடாமல்.

இதை அத்தையிடம் நான் முன்பே சொல்லியிருக்கவில்லை. முற்றத்தில், தண்ணீருக்கு நடுவே நிற்கும் சின்னப் பிரம்மா எதிரில் வைத்துச் சொன்னேன்.

"நெஜமாவா? தினமும் நான் பாடுறதா?"

"அதேதான்."

அத்தை மணியைப் பார்த்தார். எட்டரை. தொண்டையைச் செருமிக்கொண்டு இருபது பாட்டையும் ஆரம்பத்திலிருந்து பாடினார், பெருக்கிக்கொண்டிருந்த ஆள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கடைசி வரை கேட்டார். விழாவுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது, டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று அத்தை கேட்டார். விலையைச் சொன்னேன். அடுத்த மார்கழிக்கு என்று தீர்மானமாயிற்று.

இப்போது பாஸ்போர்ட் சோதனை முடிந்து உட்கார்ந்திருக்கிறோம். எதிரே பிரம்மாண்டமான பாற்கடல் கடையும் சிற்பம், சுற்றிலும் டூட்டி ஃப்ரீ கடைகள். வாசுகியை ஒரு பக்கம் தேவர்களும் மறுபக்கம் அசுரர்களும் இழுக்கிறார்கள், மலை உச்சியில் திருமால், அடியில் ஆமை. அத்தை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டார்.

"எல்லாரும் இருக்காங்க, விஷத்தைக் குடிச்சவரைக் காணோமே?"

"தெரியலையே அத்தை."

"அவரு ஊஞ்சலுக்கு வந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு, ஃபாண்டா எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சிவப்புதான் வேண்டுமாம்.